கீழ உப்புத் தெருவில் அடுப்பு எரியாத நாட்கள்

ஆறுமுகநயினாரின் பழைய காரிலிருந்து என்ஜினை இறக்கிப் பலகை மேல் வைத்த அன்று, முற்பகல் பதினொன்றரை மணிக்கு, கீழ உப்புத் தெருவின் முப்பத்திரண்டு வீடுகளில் முப்பத்தொரு வீட்டு அடுப்புகள் அணைந்துபோயின. கேஸ் அடுப்பும் அணைந்தது, விறகடுப்பும் அணைந்தது, மகன் வாங்கி அனுப்பிய கரண்ட் அடுப்பை வைத்திருந்த டீச்சர் வீட்டில் விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, அடுப்பு மட்டும் கிணற்றடிக் கல்லைப்போலச் சில்லென்று கிடந்தது. தீக்குச்சி எரிந்தது, ஊதுபத்தி எரிந்தது, சாமி விளக்கு எரிந்தது, சுமை தூக்கும் கொம்பையாவின் பீடிகூட எரிந்தது. சோறாக்கும் நெருப்பு மட்டும் எங்கள் தெருவில் இல்லாமல் போயிற்று. சிலிண்டர் போடுகிறவர் வந்தார், குழாயை மாற்றினார், ஓர் அடுப்பை அடுத்த தெருவுக்குத் தூக்கிப்போய்ப் பற்றவைத்துப் பார்த்தார், நீலமாக எரிந்தது, அதையே திரும்ப இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்த்தார், எரியவில்லை. பல வீடுகளின் சமையலறையைப் பார்த்தவர் என்பதால் அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

நாங்கள் பயந்தோம் என்று சொன்னால் அது பொய். பசித்தோம், அவ்வளவுதான். பயப்பட வேண்டிய விஷயம் வேறாக இருந்தது, அது எரிந்துகொண்டிருந்த முப்பத்திரண்டாவது அடுப்பு.

நயினார் டாக்ஸி ஓட்டியவர். எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைகளில் பாதிப் பேர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அந்த உருண்டை முக வெள்ளைக் காரில்தான், பெண் அழைத்ததும் அதில்தான், கோர்ட்டுக்குப் போனதும் அதில்தான், வென்றவரையும் தோற்றவரையும் ஒரே பின்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிவந்த நாளும் உண்டு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி மழையில் அந்தக் கார் தண்ணீர் கொதித்து, புகையைக் கக்கிக்கொண்டு வந்து, அவர் வீட்டு வாசலில் நின்றது. ஊற்றுகிற தண்ணீரெல்லாம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. பள்ளிவாசல் தெருவிலிருந்து மெக்கானிக் அசன் வந்தார். நயினாரும் அவரும் கால்சட்டை போட்ட காலத்திலிருந்தே கூட்டாளிகள். அசன் என்ஜினின் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் வைக்கிற கேஸ்கெட் போய்விட்டது, திருநெல்வேலிக்குப் போய்ப் புதுசு வாங்கி வா, இன்றைக்கே போனால் நாளை காலையில் வண்டி ஓடும் என்றார். நயினார் குடையை எடுத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன், கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் காத்திரு என்று மனைவியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அன்று பிற்பகல் ஆறு தரைப்பாலத்துக்கு மேல் ஏறியது. திருநெல்வேலியிலிருந்து திரும்பி வந்த பஸ், தண்ணீர் முழங்கால் அளவுதான் இருக்கும் என்று நம்பி இறங்கியது, பாதிப் பாலத்தில் சாய்ந்து போய்விட்டது. நீந்தத் தெரிந்தவர்கள் கரையேறினார்கள். ஏழு உடல்கள் கிடைத்தன. ஏழில் நயினார் இல்லை. பஸ்ஸில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை, ஆகவே எத்தனை பேரை ஆறு வைத்துக்கொண்டது என்பதும் தெரியவில்லை.

நயினாரின் மனைவி பெயர் பிரம்மசக்தி. அவள் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களை வாசலில் நிறுத்தி, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டாள். உடம்பைக் காட்டுங்கள், அழுகிறேன் என்றாள். அந்தக் கடையில் கேஸ்கெட் இருந்திருக்காது, சாமான் இல்லாமல் வெறுங்கையோடு வீடு திரும்புகிற வழக்கம் அவருக்கு இல்லை, அங்கிருந்தே மதுரைக்கு ஏறியிருப்பார் என்றாள். பக்கத்தில் நின்ற அசன் தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டியதைப் பார்த்து நாங்களும் ஆட்டினோம்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. மதுரையில் கிடைக்கவில்லை போலிருக்கிறது, சென்னைக்குப் போயிருப்பார். சென்னையிலும் இல்லை, பம்பாய்க்குப் போயிருப்பார். காரைச் செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள் என்று பேப்பரில் வந்த அன்று அவளுக்கு நிம்மதிகூட வந்தது, இனி அந்தச் சாமான் கிடைக்க இன்னும் நாளாகும், அவர்மேல் தப்பில்லை. தெருவில் யார் வெளியூர் போனாலும் ஒரு சேதி கொண்டுவருவார்கள். ஈரோட்டில் ஒரு கடையில் விசாரித்தோம், போன வாரம்தான் ஒருத்தர் இதே கேஸ்கெட்டைக் கேட்டு வந்தாராம், கையில் குடை வைத்திருந்தாராம் என்பார்கள். சொல்கிறபோது அது பொய்தான். நாலைந்து வருஷம் போனபிறகு சொன்னவர்களுக்கே அது நிஜமா பொய்யா என்று நினைவில்லை, கடைசியில் தெரு முழுக்க நயினார் வடக்கே எங்கோ கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார் என்பது கீழ்த்திசையில் சூரியன் உதிக்கிறது என்பதைப்போல ஒரு சாதாரணச் செய்தியாகிவிட்டது.

பிரம்மசக்தி தினமும் இரண்டு பேருக்குச் சமைத்தாள். இரண்டு தட்டு வைத்தாள். ஒன்று அவளுடையது, மற்றது கல்யாணச் சீராக வந்த தட்டு, நடுவில் ‘ஆ. ஆறுமுகநயினார்’ என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியது. மாலை வரைக்கும் அதில் சோறு இருக்கும், பிறகு காக்கைக்கும் நாய்க்கும் போகும். மூடி கழற்றிக் கிடக்கிற என்ஜினில் துரு ஏறாமலிருக்க வாரம் ஒருமுறை நாலு குழியிலும் எண்ணெய் விடுங்கள் என்று அசன் ஒரு தடவை சொல்லிவைத்திருந்தார். அவர் சொன்னது வண்டிக்கு விடுகிற எண்ணெயை. அவள் விட்டது நல்லெண்ணெய். அதுவும் சனிக்கிழமைகளில் விட்டாள், ஆண்பிள்ளைகள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள் அதுதானே. பதினோரு வருஷம், ஒரு சனிக்கிழமை தவறவில்லை. எங்கள் தெருவில் சனிக்கிழமை காலையில் ஒரு கார் நல்லெண்ணெய் வாசனையோடு நிற்கும், அதை நாங்கள் சுற்றிக்கொண்டு போவோம்.

அப்புறம் மழைநீர் வடிகால் வந்தது. நகராட்சி ஆட்கள் சுண்ணாம்பால் கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள், கோடு நேராகக் காருக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. காரை அப்படியே இழுத்துவிடலாம் என்று பார்த்தால் டயர்கள் மண்ணுக்குள் பாதி போயிருந்தன, அடித்தகடு துருவேறிப் பலாக்கொட்டைத் தோலாகியிருந்தது, கயிறு கட்டி இழுத்தால் முகம் தனியாகக் கையோடு வந்துவிடும். முதலில் கனமானதை எடுங்கள், மற்றதை வெட்டிக்கொள்ளலாம் என்றார் அசன். என்ஜினை நின்ற இடத்திலேயே இறக்குவது என்று முடிவாயிற்று. பிரம்மசக்தியிடம் கேட்டார்கள். அவள் யோசித்துவிட்டு, என்ஜின் என் வீட்டு முன்கட்டில் இருக்கட்டும், அவர் கேஸ்கெட்டோடு வந்தால் மாட்டுவதற்கு என்ஜின் வேண்டும் என்றாள். சரி என்றார்கள்.

இறக்குவதற்கு நாலு நாளாயிற்று. பதினோரு வருஷத் துருவோடு போராட அசன் ஒவ்வொரு போல்ட்டுக்கும் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் வந்து தட்டிப் பார்த்து, தட்டுகிற சத்தத்திலேயே அது விடுமா விடாதா என்று தெரிந்துகொண்டு, விடாததை இன்னொரு நாள் ஊறவிட்டார். பானெட்டைக் கழற்றினார், ரேடியேட்டரை எடுத்தார், கியர்பாக்ஸிலிருந்து பிரித்தார். நாலாம் நாள் கொம்பையாவும் ஆட்களும் மூன்று சவுக்குக் கம்பங்களைக் காருக்கு மேலே முக்காலியாக நட்டு, உச்சியில் செயின் பிளாக்கைத் தொங்கவிட்டார்கள். எவ்வளவு கனம் இருக்கும் பாய் என்று கொம்பையா கேட்டதற்கு, மூன்று மூட்டை நெல் என்றார் அசன். சங்கிலியை இழுக்க இழுக்கக் கடகடவென்று சத்தம் வந்தது, கார் முதலில் தானும் கூடவே எழுந்துவரப் பார்த்தது, பிறகு ஓர் இருமலைப்போலச் சத்தம் போட்டுவிட்டு என்ஜினை விட்டுவிட்டது. கறுப்பாக, எண்ணெய் சொட்டிக்கொண்டு, நாலு குழியும் வானத்தைப் பார்க்க, அது இடுப்பளவு உயரத்தில் தெருவில் தொங்கியது. நயினாரின் பழைய வேட்டி ஒன்றைப் பிரம்மசக்தி கொண்டுவந்து கொடுத்தாள், தூசி விழாமல் மூடுவதற்கு.

வேட்டியைப் போர்த்துவதற்காகப் பின்பக்கம் போன அசன் அங்கேயே நின்றார். காருக்குள் இருக்கும்வரை யார் கண்ணுக்கும் படாத பக்கம் அது, கியர்பாக்ஸை ஒட்டிய முதுகு. அங்கே, தண்ணீர் வெளியே வராமல் அடைத்து வைத்திருக்கிற ஒரு ரூபாய்க் காசு அளவுத் தகரத் தக்கை இருந்தது. அதை அவர் விரலால் தொட்டார். விரல் உள்ளே போய்விட்டது. நாங்கள் என்ன என்று கேட்டோம், ஒன்றுமில்லை, இறக்குங்கள் என்றார். பலகைமேல் இறக்கினோம், வேட்டியை அவரே போர்த்தினார். எதிர்வீட்டுச் சொர்ணம் அப்போதுதான் வெளியே வந்து, பொங்கி வந்த பால் அடங்கிவிட்டது, அடுப்பு அணைந்துவிட்டது என்றாள்.

சாயங்காலம் முக்குப் பிள்ளையார் கோயிலைத் திறக்கப் பூசாரி சங்கரபாகம் சாவியோடு வந்தார். தெருவைப் பார்த்தார். பலகைமேல், நீளவாட்டில், வெள்ளை வேட்டி போர்த்திக் கிடந்ததைப் பார்த்தார். அடுப்பு விஷயம் அதற்குள் அவர் காதுக்கும் போயிருந்தது. பூட்டில் நுழைத்த சாவியைத் திருப்பாமல் உருவி, இடுப்பில் செருகிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார். தெருவில் பிணம் கிடந்தால் நடை திறக்க மாட்டார்கள், எந்த வீட்டிலும் உலை வைக்க மாட்டார்கள், அதை எடுக்கும்வரை குழந்தைகளுக்குக்கூட வேறு தெருவிலிருந்துதான் ஏதாவது வரும். இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். எங்களுக்கு முன்பே எங்கள் அடுப்புகளுக்கு அது தெரிந்துவிட்டது என்பதுதான் வித்தியாசம்.

அப்படியானால் எல்லா அடுப்பும் அணைய வேண்டும். சாவு வீட்டு அடுப்பு முதலில் அணைய வேண்டும். ஆனால் பிரம்மசக்தி வீட்டுக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது, வழக்கம்போல அன்று இரண்டு பேருக்குப் புளிக்குழம்பு.

மறுநாள் சிலர் கூடி ஒரு யோசனை செய்தோம். முன்கட்டில் இடம் சரிப்படுத்தும்வரை என்று அவளிடம் சொல்லி, என்ஜினைத் தட்டுவண்டியில் ஏற்றி மேல உப்புத் தெருவில் ஒரு கொட்டகையில் கொண்டுபோய் வைத்தோம். எங்கள் அடுப்புகள் எரிந்தன, அவர்கள் அடுப்புகள் அணைந்தன. அரைமணி நேரத்தில் அந்தத் தெருப் பெரியவர்கள் நாலு பேர் வந்தார்கள். சண்டை போடவில்லை. துக்க வீட்டுக்கு வருகிறவர்களைப்போலச் செருப்பைத் தள்ளிக் கழற்றி விட்டுவிட்டு, உங்க தெருவு ஆளை நீங்கதானே எடுக்கணும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்கள். திரும்ப வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து அதே பலகைமேல் வைத்தோம்.

அன்றிலிருந்து மூன்றாவது தெருவிலிருந்தும் நாலாவது தெருவிலிருந்தும் தூக்குச்சட்டிகளில் சோறு வந்தது, இழவு வீட்டுக்கு வருவதுபோலவே, ரசமும் துவையலும் மட்டும், காரசாரமாக எதுவும் இல்லாமல். கொண்டுவந்தவர்கள் சிரிக்கவில்லை, நாங்களும் போதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிரம்மசக்திக்குத் தெரியக்கூடாது என்று அவற்றைப் பின்பக்கச் சந்து வழியாக வாங்கினோம். வாசலில் அவளைப் பார்த்தால் இன்றைக்கு எங்கள் வீட்டில் அவியல் என்றும், எங்கள் வீட்டில் மீன் என்றும் கேட்காமலே சொன்னோம். அவளிடம் போய், இது உன் புருஷன், அழு என்று சொல்லும் வாய் முப்பத்தொரு வீட்டில் ஒன்றுகூட இல்லை. பதினோரு வருஷமாக அவரை ஈரோட்டிலும் பம்பாயிலும் உலவவிட்டவர்கள் நாங்கள், எந்த முகத்தோடு சொல்வது? நகராட்சி ஆட்கள் மட்டும் தினமும் வந்து கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுப் போனார்கள்.

சொர்ணத்தின் மகள் பிள்ளை பெற்று ஒன்பது நாளாகியிருந்தது. பிள்ளைக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும், பெற்றவளுக்குச் சுடச்சுட மருந்துக்கஞ்சி வேண்டும். சொர்ணம் இரண்டு நாள் நாலாவது தெருவிலிருந்து பிளாஸ்கிலும் பானையிலும் சுமந்தாள், வந்து சேர்வதற்குள் ஆறிப்போயிற்று. மூன்றாம் நாள் காலை பிள்ளைக்கு உடம்பு கணகணத்தது. அவள் ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தெருவைக் கடந்து பிரம்மசக்தி வீட்டுக்குள் போனாள்.

“மைனி, ஒரு பானை தண்ணி காய வைக்கணும்.”

பிரம்மசக்தி பானையை வாங்கி அடுப்பில் வைத்தாள். சுள்ளியை உள்ளே தள்ளினாள். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

“மூணு நாளா தெருவுல ஒரு தாளிப்பு வாசனை இல்ல. நானும் மூக்குதான் அடைச்சிருக்குன்னு நெனச்சேன். என்ன சொர்ணம், என்ன நடக்கு?”

சொர்ணம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அடுப்பைச் சொன்னாள், பூசாரியைச் சொன்னாள், மேல உப்புத் தெருவைச் சொன்னாள். வாசலில் கூடி நின்ற எங்களைப் பிரம்மசக்தி வந்து பார்த்தாள். கோபப்படவில்லை. பாவப்பட்டவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“சாவு வீட்டுல அடுப்பு எரியுமா? எம் வீட்டுல எரியுதே. வந்து பாத்துக்கிடுங்க. அவிய இருக்காவ. இருக்கப்போயிதான் எரியுது.”

அவள் சொன்னதும் வழக்கம்தான், நாங்கள் சொன்னதும் வழக்கம்தான். பிறகு அவள், பச்சைப்பிள்ளைக்காரி இருக்கிற தெருவில் இத்தனை நாள் என்னிடம் சொல்லாமல் இருந்தீர்களே என்று எங்களைத் திட்டினாள், எல்லோரும் பானையையும் அரிசியையும் கொண்டுவாருங்கள், என் அடுப்பு எரிகிறவரை தெரு பட்டினி கிடக்க வேண்டாம் என்றாள். அன்று முழுவதும் முப்பத்தொரு வீட்டு உலையும் ஒவ்வொன்றாக அந்த ஒரே அடுப்பில் ஏறி இறங்கின. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தீயைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தாள். எங்களுக்குத் தொண்டைக்குள் இறங்கிய ஒவ்வொரு கவளமும் நயினார் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சாட்சியாக இறங்கியது. இப்படியே விட்டுவிடலாம் என்றுகூட எங்களில் சிலர் நினைத்தோம். வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் நினைத்தேன்.

நாலாம் நாள் காலையில் அசன் வந்தார். அவர் தெருவில் அடுப்பெல்லாம் ஒழுங்காகத்தான் எரிந்தது. ஆனாலும் என்ஜினை இறக்கிய நாளிலிருந்து அவர் ஒரு வாய் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி ரகுமத் ஊரெல்லாம் சொல்லிப் புலம்பியிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நேராக என்ஜினிடம் போய், வேட்டியின் பின்பக்கத்தைத் தூக்கி, அந்தத் துருப்பிடித்த தக்கையைக் குறட்டால் பிடுங்கி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பிரம்மசக்தியின் அடுப்படி வாசலில் போய் நின்றார். உலை ஏற்ற வந்திருந்த பெண்கள் ஒதுங்கினார்கள்.

“மைனி, நான் அன்னைக்குத் தப்பாப் பாத்துட்டேன். கேஸ்கெட் போகல. போனது இந்தத் தகரம். முதுகுப்பக்கம் இருந்ததால எங் கண்ணுக்குத் தெரியல. இதுக்கு மாத்து நம்ம பட்டறையிலயே கெடந்துச்சு. அவன் பஸ்ஸு ஏறியிருக்கவே வேண்டாம்.”

அவள் அந்தத் தகரத்தை வாங்கிப் பார்த்தாள். அவ்வளவு சின்னது அது.

“இன்னொண்ணும் இருக்கு” என்றார் அசன். தரையில் உட்கார்ந்துகொண்டார். “மறுநாளே அந்தக் கடைக்கு நான் போன் போட்டேன். சாமான் இருந்திருக்கு மைனி. வாங்கிட்டான். ரெண்டு மணி பஸ்ஸப் புடிக்கணும்னு சொல்லிட்டு ஓடுனானாம். அதச் சொல்லத்தான் நான் வந்தேன். நீங்க கடையில இருந்திருக்காது, மதுரைக்குப் போயிருப்பாவன்னு சொன்னீங்க. நான் தலைய ஆட்டிட்டேன்.”

அவர் அழுதார். ஆண்பிள்ளை அழுகிறதை நாங்கள் பார்க்கக்கூடாது என்று திரும்பிக்கொண்டோம், ஆனால் யாரும் அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை. தகரத்தை உள்ளங்கையில் புரட்டிக்கொண்டே பிரம்மசக்தி பேசினாள். யாரிடமும் சொல்வதுபோல இல்லை.

“சாமான் கெடைக்காமத்தான் நேரமாகுதுன்னு இருந்தேன். அப்ப இனி நேரமாகுறதுக்கு ஒரு காரணமும் இல்ல.”

அடுப்பின்மேல் இருந்தது அவளுடைய உலை, இரண்டு பேருக்கானது. துணி பிடித்து அதை இறக்கிவைத்தாள். தொட்டியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மோந்து அடுப்பில் ஊற்றினாள். அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவள் வாய்விட்டு அழுதாள். சொர்ணம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள், பிறகு ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஓடினாள், அன்றைய மிச்சக் காலை முழுதும் தெரு தேக்கிவைத்திருந்ததையெல்லாம் அழுது தீர்த்தது.

காரியங்கள் மளமளவென்று நடந்தன. ஆண்கள் போய்க் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். என்ஜினைக் குளிப்பாட்ட வேண்டும் என்றதும், டீசல் ஊற்றிக் கழுவுவதுதான் முறை, தண்ணீர் பட்டால் துருப்பிடிக்கும் என்றார் கொம்பையா. இனித் துருப்பிடித்தால் என்ன என்று யாரோ கேட்டதும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நல்லெண்ணெயும் சீயக்காயும் வைத்துக் குளிப்பாட்டினோம். சனிக்கிழமை எண்ணெயெல்லாம் கரைந்து தெருவில் வழிந்தது. திருநீறு பூசினோம். மாலை போட்டோம். வாய்க்கரிசி போடும்போது மட்டும் ஒரு நிமிஷம் தயங்கினோம், பிரம்மசக்திதான் முதலில் வந்து, திறந்து கிடந்த நாலு குழிகளிலும் ஒவ்வொரு பிடி போட்டாள். பிறகு நாங்கள் வரிசையாகப் போட்டோம். பிறந்து அந்தக் காரில் வீட்டுக்கு வந்த பிள்ளைகள், இப்போது மீசை வைத்தவர்கள், அவர்களும் போட்டார்கள். குழிகள் நிறைந்து அரிசி வெளியே சிந்தியது. பெண்கள் சிலர் வளையலை உடைக்க வந்தபோது அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஈர முந்தானையால் பொட்டைத் தானே துடைத்துக்கொண்டாள், அதற்குமேல் யாரையும் தொடவிடவில்லை.

பச்சை மூங்கில் அந்தக் கனத்தைத் தாங்காது என்பதால், அதைக் காரிலிருந்து தூக்கிய அதே சவுக்குக் கம்பங்களையே பாடையாகக் கட்டினோம். முன்னால் கொள்ளிச்சட்டி தூக்கிப்போகப் பிள்ளை இல்லையே என்ற பேச்சு வந்தது. அசன் அண்ணன் தூக்கட்டும் என்றாள் பிரம்மசக்தி. முறை தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், ஆனால் நாலு நாள் அடுப்பில்லாமல் இருந்தது முறையைக் கொஞ்சம் இளக்கிவிட்டிருந்தது. பூசாரி சங்கரபாகம் சட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அசன் முன்னால் நடந்தார், மூன்று மூட்டை நெல் கனத்தை எட்டு எட்டுப் பேராகத் தோள் மாற்றிக்கொண்டு நாங்கள் பின்னால் நடந்தோம். தரைப்பாலம் இரண்டு மைல். அன்று ஆற்றில் தண்ணீர் தெளிவாக, அமைதியாக ஓடியது. பஸ் சாய்ந்த இடத்துக்கு நேராக நின்று, கயிற்றை மெல்ல மெல்ல விட்டு இறக்கினோம். அவர் என்ஜினையும் ஆறு வாங்கிக்கொண்டது. கொஞ்ச நேரம் தண்ணீர்மேல் நல்லெண்ணெய் பரவி நின்றது, பிறகு அதுவும் போயிற்று.

பாடை தெருமுனையைத் தாண்டியபோதே, கையில் தீப்பெட்டியோடு காத்திருந்த சொர்ணத்தின் அடுப்பு பற்றிக்கொண்டதாம். அடுத்து டீச்சர் வீடு, அடுத்து பக்கத்து வீடு, அப்படியே வரிசையாக முப்பத்தொன்றும். நாங்கள் ஈர வேட்டியோடு திரும்பி வந்தபோது எங்கள் தெரு கடுகும் உளுத்தம்பருப்பும் கறிவேப்பிலையும் பொரிகிற வாசனையில் மூச்சுமுட்டிக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டாவது வீட்டில் மட்டும் புகை இல்லை. அது சாவு வீடு, அங்கே அன்று அடுப்பு எரியாது, எரியவும் கூடாது. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் முதலில் இறக்கிய சோறு அங்கேதான் போயிற்று. கழுவி விட்ட முன்கட்டில் தூக்குச்சட்டிகள் கால் வைக்க இடமில்லாமல் நின்றன.

அசன் உள்ளே வரவில்லை. கார் நின்ற இடத்தில், என்ஜின் இல்லாமல் முகம் பிளந்து கிடந்த அதன் பக்கத்தில், சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார். வீட்டுக்குப் போங்கள் பாய் என்று யாரோ சொன்னதற்கும் அசையவில்லை. பிரம்மசக்தி சாப்பிட உட்கார்ந்தாள், நாலு பெண்கள் சாப்பிடு சாப்பிடு என்று சொல்லி உட்காரவைத்திருந்தார்கள். அலமாரியிலிருந்து வழக்கம்போல இரண்டு தட்டு எடுத்துவிட்டாள். எடுத்தபிறகுதான் பார்த்தாள். இரண்டாவது தட்டைத் திரும்ப உள்ளே வைக்கப்போகிறாள் என்று நினைத்தோம். அவள் அதை முந்தானையால் துடைத்தாள், தன் தட்டுக்கு எதிரே தரையில் வைத்தாள், சோறு போட்டு, ரசம் ஊற்றினாள். பிறகு வாசலைப் பார்த்துச் சொன்னாள்.

“அண்ணே, உள்ள வந்து சாப்பிடுங்க. நாலு நாளாச்சாம்லா.”

அசன் வந்தார். அந்தத் தட்டைப் பார்த்தார். உட்காரலாமா என்பதுபோல அவளைப் பார்த்தார், அவள் தன் தட்டில் பிசைய ஆரம்பித்திருந்தாள். உட்கார்ந்தார். முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோய், இறக்கி, மறுபடி கொண்டுபோனார். அதன்பிறகு நிறுத்தவில்லை, பசித்தவர் சாப்பிடுகிறமாதிரி சாப்பிட்டார். சோறு குறையக் குறைய அடியில் புள்ளி புள்ளியாக ஆ தெரிந்தது, ஆறு தெரிந்தது, கடைசியில் பெயர் முழுதும் தெரிந்தது. அதன்மேல் பிரம்மசக்தி இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.